காட்டுவள்ளியின் பூவை எண்ணச் சொன்னவருக்கு

14.11.1963, வியாழன். ஆய்வுகூட வேலையிலிருந்து ஓய்வுபெறும் மார்கிறட் அக்காவுக்கான பிரியாவிடை மடலின் முதற்படியில் ஒரு பிழை. "எமக்குத் தாவரவியல் கற்பித்தோர்" என்ற வரியின் கீழ் யோகநாதன் மாஸ்டரின் பெயர் மட்டுமே இருக்கிறது. அக்காவின் பெயர், கூட்டங்களுக்குக் கதிரை அடுக்கியோர் வரிசையில்.

மாலை வகுப்பு மாணவி கமலாசனியின் நாட்குறிப்பு இது. கிழித்த அந்தப் படிக்குப் பதிலாகவே இம்மடல்.

அன்பும் அறிவும் அகலாத அக்கா அவர்களே! முல்லைத்தீவுக் கரையில் பிறந்து, இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் ஆய்வுகூடத் திறப்புக்கொத்தை இடுப்பில் சுமந்தவரே! வேலியோரச் செடிகளையெல்லாம் வேரோடு அறிந்தவரே!

சென்ற மாரியில் நடந்ததைச் சபையில் சொல்லக் கமலாசனிக்குக் கூச்சந்தான். சொல்லாமல் விட அதைவிடக் கூச்சம். கொப்பியில் இரண்டு நிரல் கீறியிருந்தாள். வலைநரம்பும் ஐந்தைந்து இதழும் இருவித்திலை. சமாந்தர நரம்பும் மும்மூன்று இதழும் ஒருவித்திலை. நீங்கள் கொண்டுவந்த காட்டுவள்ளி இலையில் வலைநரம்பைக் கண்டதும் "இருவித்திலை" என்று பெயர்ச்சீட்டைக் கட்டிவிட்டாள்.

போத்தல் கழுவிக்கொண்டிருந்த நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள்.

"என்ன பிள்ளை, இலையைப் பாத்தே சாதி சொல்லிப்போட்டீரோ?"

"வலைநரம்பு இருக்குதக்கா. புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

"ஓம், புத்தகம் சரி. வள்ளிக்கொடி அதை வாசிக்கேல்லையே! பூவை எண்ணிப்பாரும்."

கடுகளவு பூ. கைவில்லையை வைத்து மூன்று தரம் எண்ணினாள். மூன்றும் மூன்றும் ஆறிதழ், மகரந்தக் கேசரமும் ஆறு. ஒருவித்திலை! யோகநாதன் மாஸ்டரும் குனிந்து எண்ணினார். "அக்கா, நானும் பிழைச்சுப்போனன்" என்று சிரித்தார். அந்தச் சீட்டு அவிழாதிருந்தால் வகுப்பில் ஒன்பது பேரும் பிழையையே படித்திருப்போம்.

நேற்று இம்மடலின் முதற்படியை எழுதியபோது அவள் அதே பிழையைத் திரும்பவும் செய்தாள். பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே "உதவியாள்" என்ற ஒரு சொல்லைப் பார்த்தாள். இருபத்திரண்டு ஆண்டுகளை எண்ணவில்லை. இப்போது வரி திருந்திவிட்டது. கற்பித்தோர்: மார்கிறட் அக்கா, யோகநாதன் மாஸ்டர். மாஸ்டரே அந்த ஒழுங்கில் எழுதச் சொன்னார்.

நீங்கள் செடி சேர்த்துவந்த பூக்கூடை இனி யாருக்கு என்று வகுப்பே கேட்டது. நீங்கள் நீட்டியபோது கமலாசனியின் கை பின்வாங்கியது. "பிழைச்சால் அவிட்டுக் கட்டலாம், பிடியும்" என்றீர்கள். பிடித்துக்கொண்டாள்.

கடற்காற்றும் கர்த்தரின் கருணையும் காக்க, நோயின்றி நெடுநாள் வாழுங்கள்! எங்கள் பிழை காதில் விழுந்தால் வந்து ஏசுங்கள்!

இங்ஙனம்,
ஆசிரியர்களும் மாலை வகுப்பினரும்
புதுக்குடியிருப்பு, 15.11.1963

நாட்குறிப்பில், அன்றிரவு: நாளை, சனி, காலை ஆறு மணி, மழையானாலும் குளக்கட்டு வேலிக்குப் போதல். வகுப்புக்குச் செவ்வரத்தைப் பூ ஒன்பது, வள்ளிப்பூ ஒன்பது. எண்ணிய பின்னரே சீட்டுக் கட்டல். போகிறவர்: கமலாசனி.