மஞ்சள் கோட்டுக்கு உள்ளே

— மறுபடியும் வண்டிய விட்டுட்டு இங்க வந்து நிக்கிறியா? அங்க சரக்க யாரு இறக்குவா, உங்கக்காவா?

— மாமா, மூணாவது வரிசை வரைக்கும் கொஞ்சம் வாங்க.

— எதுக்கு? துரைக்கு இன்னைக்கும் படம் ஓடிருச்சோ?

— ஒருத்தர் குறுக்க வந்தார் மாமா.

— நேத்தும்தான் ஒருத்தர் வந்தார். அவருக்கு மரியாதை குடுத்து சடார்னு பிரேக் போட்ட. பன்னெண்டு வாஷ்பேசின் சில்லு சில்லாப் போச்சு. போய்ப் பார்த்தா ஆளும் இல்ல, நிழலும் இல்ல. ‘காத்துக்கு பிரேக் போட்டவன்’னு லோடுமேனெல்லாம் உனக்குப் பேரே வச்சுட்டான். குடோனே சிரிக்குது.

— போதை மாத்திரைய நான் விட்டு மூணு வருஷம் ஆச்சு மாமா. அது விட்டுட்டுப் போன கோளாறு, இப்பவும் தானா வருது. விளக்கப் பார்த்துட்டுத் திரும்பினா ஓரத்துல ஆள் மாதிரி ஒண்ணு நகருது. டாக்டர் இதுக்கு ஒரு பேரே சொன்னார்.

— பேரு இருந்தா பெருமையா? காலேஜுல கூட்டாளிகளோட சேர்ந்து கண்டதையும் முழுங்கினப்ப எந்த டாக்டரக் கேட்ட? உங்கக்கா அழுதாளேன்னு, உன் பவிச மேனேஜர்கிட்ட மறைச்சு உன்னை ஃபோர்க்லிஃப்ட்ல உக்கார வச்சேன் பாரு, என்னைச் சொல்லணும். வெளிய தெரிஞ்சா உன்னோட சேர்ந்து என் சூப்பர்வைசர் வேலையும் போகும். நாலு வாயும் பட்டினி.

— அதான் வண்டி வேணாம், பெட்டி தூக்கறேன்னு சொன்னேன். நீங்கதான் கேட்கல.

— தூக்கற உடம்பா இது? ஊதினா விழுந்துருவ. சரி, இன்னைக்குக் காலையில உனக்கு என்ன சொல்லி அனுப்பினேன்? திருப்பிச் சொல்லு.

— வண்டி ஓடற மஞ்சக் கோட்டுக்கு உள்ள ஆள் நடக்கக் கூடாது, அது கம்பெனி ரூல். அதனால அங்க யாராவது தெரிஞ்சா அது என் மண்டைக் கோளாறு. கண்டுக்காம ஓட்டணும்.

— இவ்வளவு தெளிவாச் சொல்றியே, அப்புறம் எதுக்குடா நிறுத்தின?

— நிறுத்தல மாமா.

— அட. பிறந்ததுல இருந்து இன்னைக்குத்தான் உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்க. அப்புறம் எதுக்கு என்னை மூணாவது வரிசைக்குக் கூப்பிடற?

— இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூடக் கத்தினதில்ல மாமா. இவர் கத்தினார்.