சேணம் மாறிய குதிரை

— முடியாதுன்னா முடியாதுதான், கொழுந்தனாரே. புளிச்ச குதிரைப்பால் உள்ள போனா, இருக்குற கொஞ்சநஞ்ச எதிர்ப்புச் சக்தியும் போயிரும்.

— ஒரே ஒரு கிண்ணம், அண்ணி! இந்த சம்கார் பய ஆஸ்பத்திரிக் கஞ்சியிலயே ஊறிப் போயிட்டான். கொக்பார் ஆட்டத்துல குதிரையோட சேத்து ஆளச் சாய்ச்ச உடம்பு இது.

— நௌரிஸ் பண்டிகை வரட்டும். ஊருக்குக் கூட்டிட்டுப் போய் விருந்தே வெக்கிறேன். போன வசந்தத்துல உங்க வெள்ளணுவ எடுத்து என் கையாலதானே ஜீன ஏத்துனேன்? அதுலேருந்து புத்துநோய் தலை காட்டுச்சா? இன்னிக்கு வர்ற ரத்தச் சோதனை முடிவும் சுத்தமா இருக்கும், சரியா?

— டாக்டர் தௌரன் ஏதாச்சும் சொன்னாரா?

— காலையிலேருந்து போனே எடுக்கல. மனுஷனுக்கு என்ன வேலையோ.

— அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்க. ஒரு கதை சொல்றேன்.

— கீழ ஆய்வுக்கூடத்துல தலைக்கு மேல வேலை கிடக்கு. கதையாம் கதை!

— சின்னதுதான். பெரிய குதிரை மந்தை. அதுக்குள்ள திருட்டுப் பயலுங்க கலந்துட்டானுங்க. எவன் திருடன்னு காவக்காரனுங்களுக்குத் தெரியல.

— உங்க நோயத்தான் சொல்றீங்க. நான் சொல்லிக் குடுத்த பாடத்த எனக்கே ஒப்பிக்கிறீங்களா?

— கேளுங்க. ஒரு கெட்டிக்காரி வந்தா. காவக்காரனுங்க குதிரைக்கெல்லாம் மந்திரச் சேணம் போட்டு விட்டா. அதுல ஏறுனவன் கண்ணுக்குத் திருடன் பளிச்சுன்னு தெரிவான்.

— அடிச்சு விரட்டிட்டாங்க. சுபம். நான் கெளம்பட்டுமா?

— இருங்க. சேணம் போடயில, காவக்காரனுங்க நடுவுல ஒரு திருடனும் குதிரையோட நின்னுருக்கான். அதுக்கும் சேத்துப் போட்டுட்டா.

— யாரு?

— கெட்டிக்காரிதான். வேணும்னு செய்யல. காவக்காரன் பாத்தான். நம்ம சேணம், நம்மாளு. விட்டுட்டான். அந்த ஒருத்தன் ஊராப் பெருகிட்டான்.

— ஒரு நிமிஷம். புத்து செல்லு ஒண்ணுக்குள்ள நம்ம ஜீன் போயிருச்சுன்னா, அது அடையாளத்த அந்த ஜீனே மூடிரும். நம்ம வெள்ளணு கண்ணுல படவே படாது. ஆனா அதெல்லாம் அபூர்வத்துலயும் அபூர்வம். இத எதுக்கு இப்ப சொல்றீங்க?

— நடந்துருச்சு, அண்ணி.

— யார் சொன்னா?

— தௌரன். காலையில இங்கதான் இருந்தாரு. எலும்புக்குள்ள முழுக்க அவனுங்கதானாம். வேற மருந்து உண்டான்னு கேட்டேன். ஜன்னல் வழியா மலையப் பாத்துக்கிட்டே நின்னாரு.

— இல்லடா. என் கையாலயா? என் கையாலயேவாடா?

— ‘டா’வா! இத்தன வருஷத்துல இன்னிக்குத்தான் உங்க வாயில வருது.

— வெளையாடாத! எங்கிட்ட ஏன் அவர் சொல்லல?

— நான்தான் வேணாம்னேன். அவரு அறிக்கையப் படிக்கிற மாதிரி படிப்பாரு, நீங்க நின்ன எடத்துலயே விழுவீங்க. நம்மாளுங்க துக்கச் சேதிய அப்படியா சொல்லுவாங்க? கதையில பொதிஞ்சுதானே சொல்லுவாங்க.

— அது செத்தவங்களப் பத்திச் சொல்ற முறை! ஊருல இருக்குற பெரியவங்க வந்து சொல்லுவாங்க. தன் சாவத் தானே எவன் சொல்லுவான்?

— வேற யாரு சொன்னாலும் உங்களுக்குத் தாங்காதுன்னு தோணுச்சு.

— முறைன்னு பாத்தாலும் ஊருல இருக்குற அத்தைக்குத்தானே மொதல்ல சொல்லணும்? நான் வந்தவ. உங்க அண்ணன் பொண்டாட்டி. என்னக் கூப்புட்டு ஏன் உக்கார வெச்ச?

— தலச்சன் புள்ளைய மாமியார் மடியில போட்டீங்க, அன்னிலேருந்து அந்தப் புள்ளையவே வாய் நெறையக் கொழுந்தனாரேன்னு கூப்புட்டீங்க. அது பெரியவங்க வெச்ச வழக்கம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா சாவுச் சேதியில முறை மாறக்கூடாது, அத மொதல்ல பெத்தவகிட்டதான் சொல்லணும்.