தமாகியை ஆறு கொண்டுபோன பிறகு

வீடியோ கேம்களை மட்டமாக நினைப்பவன் நான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். உங்கள் ஆட்கள் என்னை இங்கே அழைத்துவரும் வரை, கிடங்கில் வேலை முடிந்து வந்து அரை மணி நேரமாவது ஆடாத நாளில்லை. ஆனால் அவற்றில் ஒரு குறை உண்டு ஐயா. அதில் செத்தவன் சாவதில்லை. பாலத்திலிருந்து விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு விட்ட இடத்திலிருந்து நடக்கலாம். இழப்பே இல்லாத இடத்தில் பாசம் எங்கிருந்து வரும்? அதனால்தான் நான் மேசை ஆட்டத்துக்கு வந்தேன்.

மேசை ஆட்டம் என்றால் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. நாலு பேர் உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக்கொண்டே ஒரு கதையை ஆடுவோம். ஒருவர் கதையை நடத்துவார். வாள் பட்டதா, கால் வழுக்கியதா என்பதைப் பகடை சொல்லும். நகோயாவில் எங்கள் வட்டாரச் சமூகக் கூடத்தின் மாடி அறையில் ஞாயிறு மதியம்தோறும் ஒன்பது வருடம் ஆடினோம். நடத்தியவர் ஹகினோ, மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கும் ஒரிபே அக்கா ஒருவர். பார்சல் வண்டி ஓட்டும் மினேகி ஒருவன். நான் ஒருவன்.

என் பாத்திரத்தின் பெயர் தமாகி. மலைக்கணவாயில் மருந்து விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம். சுங்கச்சாவடித் தலைவனை அவன் காவலர்கள் முன்னாலேயே ஓங்கி அறைந்தவள். நான் என் மேலாளரிடம் விடுப்பு கேட்கவே மூன்று நாள் ஒத்திகை பார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு நாக்கு இருந்தது, அது அவளுடைய நாக்கு. இதை வைத்து என்னைக் கிறுக்கன் என்று எழுதிவிடாதீர்கள். தமாகி என்பது ஒரு தாளும் பென்சில் எழுத்தும்தான். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

அவளை ஹகினோ மார்ச் மாதம் கொன்றார்.

கணவாயில் ஒரு கயிற்றுப் பாலம். எல்லோரும் கடந்தாயிற்று, தமாகி கடைசி. ஹகினோ பகடையை உருட்டினார். மற்ற ஊர்களில் கதை நடத்துகிறவர்கள் முன்னால் ஓர் அட்டைத் தடுப்பு வைத்துக்கொண்டு அதற்குப் பின்னால்தான் உருட்டுவார்கள். எதற்கு? கெட்ட எண் விழுந்தால் ஓசைப்படாமல் மாற்றிச் சொல்வதற்கு. அது பொய்யில்லை, இரக்கம். எங்கள் ஹகினோவுக்கு அதெல்லாம் ஆகாது. எல்லோர் கண்ணும் பார்க்க நடுமேசையில் உருட்டுவார், அதில் ஒரு பெருமை வேறு. விழுந்தது இருப்பதிலேயே மோசமான எண்.

"கயிறு அறுந்துடுச்சு. ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிடுச்சு," என்றார். பிறகு, "பாவம், நல்லா உழைச்சா. ஓய்வெடுக்கட்டும்," என்றார்.

நான் ஒன்றும் பேசவில்லை. என் நாக்குதான் ஆற்றோடு போய்விட்டதே.

"என்னப்பா ஷினோமுரா, மூஞ்சி தொங்கிப்போச்சு? கொஞ்ச நாளைக்குப் புதுசா ஒருத்தன எழுதிக்கிட்டு வாயேன்," என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு மாதிரிச் சிரிப்பு. பிறகு மூன்று பேரும் நூடுல்ஸ் சாப்பிடப் போனார்கள். மினேகி படியில் இறங்கும்போது, "அண்ணே, உங்களுக்கு முட்டை கூடுதலா சொல்லவா?" என்று கேட்டான். ஒன்பது வருடம் கூட நடந்த ஒருத்தி செத்துக் கால் மணி நேரம் ஆகவில்லை, இவர்களுக்கு முட்டை கேட்கிறது. ஹகினோவின் அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. குளித்தால் அந்தச் சிரிப்பு, கிடங்கில் பெட்டி அடுக்கினால் அந்தச் சிரிப்பு.

கோபத்தில் செய்ததா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். இது ஆறவில்லை, அவ்வளவுதான்.

மே மாதத்தில் ஒரு நாள், "இந்த ஒரு தடவ நான் நடத்துறேன், நீங்க ஆடுங்களேன்," என்று ஹகினோவிடம் சொன்னேன். மனிதருக்கு முகமெல்லாம் பல். கதை நடத்துகிறவர்களுக்கு உள்ளூர ஒரே ஏக்கம்தான். ஒரு நாளாவது தானும் ஒரு பாத்திரமாக உட்கார்ந்து ஆட வேண்டும். யாரும் அவர்களைக் கேட்பதில்லை. நான் கேட்டேன். "அட, நெஜமாவா? எனக்குப் பிரபு வேஷம் குடுப்பா," என்றார். கொடுத்தேன்.

எங்கள் ஆட்டத்தில் ரகசியப் பேச்சு என்று ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் நடத்துகிறவர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, அவரவர் பாத்திரத்தின் ரகசியத்தைக் காதில் சொல்வார். கடைசி வரை அதை வெளியே விடக் கூடாது. கதையை முன்கூட்டி உடைத்தவனை எங்கள் கூட்டத்தில் யாரும் மறுபடி சேர்ப்பதில்லை. திருடனைக்கூடச் சேர்த்துக்கொள்வோம்.

ஹகினோவிடம் சொன்னேன்: "ரெண்டாம் கட்டத்துல பிரபுவுக்கு விஷம் வச்சிடுவாங்க. தொண்டையப் பிடிச்சுக்கிட்டு விழணும். நல்லா நடிங்க."

ஒரிபே அக்காவிடமும் மினேகியிடமும் சொன்னேன்: "பிரபு விஷம் குடிச்ச மாதிரி பாசாங்கு பண்ணுவார். துரோகி யாருன்னு கண்டுபிடிக்க அது ஒரு பொறி. மொதல்ல எழுந்து அவர்கிட்ட போறவங்க மாட்டிக்குவாங்க. என்ன ஆனாலும் எழுந்திரிக்காதீங்க."

மூன்று பேரும் சமத்தாகத் தலையாட்டினார்கள். பைகளும் கைபேசிகளும் அலமாரிக்குள் போயின. அது என் ஏற்பாடு இல்லை, ஹகினோ ஒன்பது வருடம் முன்பே போட்ட விதி. அவருடைய ஊசி மருந்தும் அவர் பையில்தான் இருந்தது.

ஊசி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். ஹகினோவுக்கு வேர்க்கடலை ஆகாது. துளி உள்ளே போனாலும் தொண்டை வீங்கி அடைத்துவிடும். தின்பண்டப் பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அவருக்குப் படித்துச் சொல்லும் வேலை எப்போதும் என்னுடையது. கண்ணாடி விற்கிறவருக்குக் கிட்டத்தில் இருக்கும் எழுத்து தெரியாது, அதை வைத்து நாங்கள் அவரை ஓட்டுவோம். அன்றைக்குப் பாக்கெட் எதுவும் இல்லை. வறுத்த சோயாமாவில் புரட்டிய மோச்சி, அதாவது அரிசிமாவு உருண்டை, நானே வீட்டில் செய்தது. மாவில் இன்னொரு மாவும் கலந்திருந்தது.

"கடலை கிடலை இல்லையே?" என்று வழக்கம்போலக் கேட்டார்.

"உங்களுக்குன்னே பண்ணினது," என்றேன். அது பொய்யில்லை. இரண்டு எடுத்துக்கொண்டார்.

மிக நன்றாக ஆடினார், அதைச் சொல்லியே ஆக வேண்டும். பிரபுவாக நிமிர்ந்து உட்கார்ந்து வரி குறைத்தார், மினேகியின் படைத்தலைவனைத் திட்டினார். நடுவில் உதட்டைத் தேய்த்துக்கொண்டார். பிறகு கை தொண்டைக்குப் போனது. மினேகி கைதட்டினான்.

"ஷினோமுரா... நெஜமாத்தான்... பை... என் பை..."

"பாருங்கக்கா, பிரபுவுக்குப் பை வேணுமாம்!" என்றான் மினேகி. "அண்ணே, அந்தக் காலத்துல ஏதுண்ணே பை? பல்லக்கக் கேளுங்க, பல்லக்க!"

ஒரிபே அக்கா முழங்காலில் பாதி எழுந்துவிட்டார். "அவர் மூஞ்சி செவந்து போச்சே, ஷினோமுரா. இது நடிப்பு மாதிரி இல்லையே," என்றார்.

"எழுந்தா நீங்கதான் துரோகி, அக்கா. ஒன்பது வருஷமா ஆடுறீங்க, இது தெரியாதா?" என்றேன். உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்களுக்கு ஆட்டத்தைக் கெடுப்பதைவிட அசிங்கம் வேறில்லை. இப்போது அவருக்குத் தூக்கமே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். அவர்மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஹகினோ அலமாரிப் பக்கம் ஊர்ந்தார். அப்போது அவர் என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு வேண்டியிருந்தது அந்தப் பார்வைதான், மறைப்பானேன். பிரபு பிழைப்பாரா என்று நான் பகடையை உருட்டினேன். அவர் செய்ததுபோலவே, தடுப்பு இல்லாமல், நடுமேசையில். நல்ல எண் விழுந்திருந்தால் அலமாரியைத் திறந்திருப்பேன். நான் நியாயம் தெரிந்தவன்.

நல்ல எண்தான் விழுந்தது.

நான் அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மினேகியின் கைதட்டல் தானாக நின்றபோது, "நல்லா உழைச்சீங்க ஹகினோ. ஓய்வெடுங்க," என்றேன்.

இன்று காலை நீங்கள் ஒரு செய்தி கொண்டுவந்தீர்கள். ஒரிபே அக்கா அழுதுகொண்டே சொன்னாராம். தமாகி விழுந்த அடுத்த ஞாயிறே ஹகினோ அவரைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "தமாகி சாகலக்கா. ஆத்தோர ஊர் ஒண்ணுல ஒரு வீட்ல கால் ஒடிஞ்சு படுத்திருக்கா. நீங்கதான் அவளக் கண்டுபிடிக்கப் போறீங்க. எந்த ஊருன்னு மட்டும் இப்ப கேக்காதீங்க, ருசி போயிடும். அன்னிக்கு ஷினோமுரா மூஞ்சியப் பாக்கணும் நீங்க," என்று சிரித்தாராம். அக்காவும் ரகசியம் காத்தார். வழக்கம் அப்படி.

இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் உடைந்து போவேன் என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், செத்துப்போனாள் என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. பொட்டலத்தில் வந்த சோற்றைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஹகினோவைத் திட்டம் போட்டுக் கொன்றவன் நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. தண்டனையைக் குறைக்கச் சொல்லியும் கேட்கமாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள் உண்டு. மழைக்காலம் தொடங்கிவிட்டது, ஆற்றில் தண்ணீர் ஏறும். அவளுக்குக் கால் இன்னும் தேறியிருக்காது, அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்தவர் என்று ஒருவரும் கிடையாது. யாராவது போய் அவளைக் கூட்டிவர வேண்டும். எந்த ஊர் என்று ஹகினோவுக்குத்தான் தெரியும். அவரைக் கேளுங்கள் ஐயா, சொல்லிவிடுவார்.