தேவானையோட ஃபைலு

கிட்ட வாங்க... மத்தியானம் மூணு மணி. பெசன்ட் நகர் பின்னாடி ஒரு சந்து. மே மாசத்து வெயில்ல நாயி கூட இல்ல. பேயி ராவுலதான் வரும்னு எவன் சொன்னான்?

என் ஃப்ரெண்டு பிரபுவோட அண்ணி ஸ்வர்ணலதாவுக்கு நடந்தது இது. அந்தச் சந்துல இருந்த கவுன்சிலிங் சென்டர்ல சோஷியல் ஒர்க்கரு. குப்பத்துப் பொண்ணு தேவானை எட்டு வாரமா அவங்ககிட்ட வந்துச்சு. மாமனாரு தன்ன இன்னா பண்றான்னு... பெத்தவகிட்டகூட சொல்லாதத சொல்லி அழுதுச்சு. அண்ணி எல்லாத்தையும் எழுதி, பீரோல வச்சுப் பூட்டுனாங்க.

ஒரு நாளு அந்த மாமனாரு வடிவேலுவே வந்தான். கையில ரெண்டு கிலோ எறா.

"மருமவ இன்னாம்மா சொல்லிக்கீது? சும்மா பாத்துட்டு குடுத்துடறேன்."

ஃபைல எடுத்துக் குடுத்தாங்க. தூ... அன்னிக்கே எறாவ வறுத்தும் தின்னாங்க.

நாலாம் நாளு தேவானை அடையாறு முகத்துவாரத்துல மெதந்துச்சு. மூஞ்சில நண்டு மொய்ச்சிகினு...

அடுத்த வாரம், அதே மூணு மணி. அண்ணி ரூம்ல தனியா குந்திகினு கீறாங்க. கவுன்சிலிங்குக்கு வரவேண்டிய ஜஹனாரா வரல. கதவத் தொறந்தா, வெளிய பெஞ்சுல இருக்கு.

"உள்ள வர்றதுதானேம்மா?"

"உள்ள யாரோ அழுதுகினே பேசினு இருந்தாங்களே மேடம்... முடியட்டும்னு..."

துப்பட்டாவால மூக்கப் பொத்திகினு எழுந்து போயிடுச்சு. திரும்பி வரவே இல்ல.

மறுநாளு இன்னொருத்தர். அப்புறம் இன்னொருத்தர். எல்லாரும் அதே மாதிரி. அண்ணி காதுல மட்டும் ஒண்ணும் விழல. வாடைதான் வரும்... தண்ணில ஊறி அழுகிப்போன முடி வாடை. சோத்துல கைய வச்சாலும் அதே வாடை.

கடைசியா ஒரு அம்மாவ மறிச்சு, "உள்ள இன்னாதான் பேசறாங்க?"ன்னு கேட்டாங்க.

அந்தம்மா காறித் துப்பிச்சு.

"உன்னப் பத்திதான். படுத்த படுக்கையா கெடந்த மாமியாருக்கு... பீ அள்ள முடியாதுன்னு சோறு தண்ணி குடுக்காம வச்சியாமே?"

அது அண்ணிக்கு மட்டுமே தெரிஞ்ச விஷயம். பெத்த புள்ளைங்க, புருஷனுக்கும் பிரபுவுக்கும்கூடத் தெரியாது.

அன்னிக்கே வேலைய விட்டாங்க. நந்தனத்துல வீட்டோட கெடந்தாங்க. பத்து நாளு ஒண்ணுமில்ல.

போன ஞாயித்துக்கெழம... சமையக்கட்டுல பாத்திரம் தேய்க்கறாங்க. வாடை. குப்புனு. எட்டிப் பாத்தாங்க.

யாருமே இல்லாத பெட்ரூம். சாத்துன கதவு. அதுல காத வச்சு, அசையாம நிக்கறாரு புருஷன்.

பக்கத்துல... வாயப் பொத்திகினு, பிரபு.