பத்து சதவீதத் தோள்பட்டை

...எங்க வீட்டுக்காரர் தோளுக்குப் பத்து சதவீதமாம் அக்கா! பத்து! இருபது இருந்தாத்தான் ஊனப் பென்ஷன். பத்துன்னா, வீட்டுக்குப் போய் தைலம் தேய்ச்சுக்கோன்னு அர்த்தம். உங்க வீட்டுக்காரருக்கு எவ்வளவு போட்டாங்க? ...முழங்காலுக்கு முப்பதா? பாருங்க, முழங்காலுக்கு இருக்கிற மரியாதை தோளுக்கு இல்ல.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க, பாப்பா காலை உதைக்கிறா.

பட்டாளத்துல பதினொரு வருஷம் அக்கா. லாரியோட பின்கதவு கொக்கி கழண்டு, அப்படியே வலது தோள்மேல விழுந்துச்சு. அன்னிக்கும் "ஒண்ணுமில்ல சார்"னுதான் சொல்லியிருக்கார். அவருக்கு எல்லாமே ஒண்ணுமில்லதான். சட்டை மாட்டக் கால்மணி நேரம். முதல்ல வலது கையை நான் பிடிச்சு நுழைக்கணும், அப்புறம் முதுகைச் சுத்தி... பட்டன் மட்டும் அவரே போட்டுக்குவார். அதுல ஒரு கௌரவம். தலை வாரணும்னா சீப்பை அசையாம பிடிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டுவார். ஒருநாள் சிரிச்சுட்டேன். ரெண்டு நாள் பேசல.

மெடிக்கல் போர்டுல மூணு டாக்டருங்க. தோளைப் பார்க்கவே இல்ல... சரி, பார்த்தாங்க. கையைத் தூக்கச் சொன்னாங்க. இவர் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தூக்கிட்டார். அப்புறம் நாங்க முன்னாடியே நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளைப் புரட்டிட்டு, "எல்லாம் நீங்களே செஞ்சுக்கிறதா எழுதியிருக்கே"ன்னாராம் பெரிய டாக்டர். தாளை நம்புவாங்களாம், தோளை நம்ப மாட்டாங்களாம்! போதாக்குறைக்கு, "எழுத்து முத்து முத்தா இருக்கு"ன்னு பாராட்டு வேற.

...யார் எழுதினதா? அவரால எங்க எழுத முடியும், வலது கையாச்சே. கான்வென்ட்ல எங்க சிஸ்டருங்க, அடித்தல் திருத்தல் இருந்தா திருப்பிக் கொடுத்துடுவாங்க, முழு வாக்கியமா பதில் எழுதணும்பாங்க... அப்படிப் படிச்சவங்களுக்கு...

நான்தான் அக்கா எழுதினேன்.

'தாமாகவே சட்டை அணிவாரா?' அணிவார். 'தலை வாருவாரா?' வாருவார். பக்கத்துலயே உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தார். நான் ஒவ்வொண்ணா எழுத எழுத, அவர் முகம் தெளிஞ்சுக்கிட்டே வந்துச்சு. அந்த முகத்துக்கு முன்னாடி 'இல்லை'ன்னு எப்படி எழுதுறது? ஏழாவது கேள்வி, 'குழந்தையைத் தூக்குவாரா?' அதுக்கும் எழுதினேன். தூக்குவார்னு.

போன மாசம் தூக்கினார். பாதியிலயே கை செத்துப்போச்சு. பாப்பா அவர் நெஞ்சு வழியா சரிஞ்சு வந்தா. நான் கீழே கை நீட்டிப் பிடிச்சேன். இவ விளையாட்டுன்னு நினைச்சு சிரிக்கிறா. அன்னியிலேர்ந்து அவர் இவளைத் தொடுறதில்ல. பாப்பா அழுதா ஓடி வரணுமேன்னு, நான் குளிக்கப் போனா கதவைத் தாழ் போடுறதில்ல. நாங்க ரெண்டு பேரும் இதைப் பத்திப் பேசிக்கிறதும் இல்ல.

இங்க அப்பீலுக்கும் அதே தாள்தான் கொடுத்திருக்காங்க, அதே கேள்விங்க. அவர் தண்ணி பிடிக்கப் போயிருக்கார். ஆறு கேள்வி வரைக்கும் எப்படியோ உண்மையை எழுதிட்டேன். ஏழாவதுல பேனா நகர மாட்டேங்குது. இந்தாங்க அக்கா, நீங்க எழுதிடுங்க.

'இல்லை'ன்னு போடுங்க. சீக்கிரம், வர்றார்.