ஒரு கைப்பிடி பழைய தூள்

முதல் கேள்வியாகக் கூண்டைப் பற்றிக் கேட்டீர்கள், மேடம். அதில் எனக்குச் சந்தோஷம். எலி செத்ததைப் பற்றிக் கேட்கிறவர்கள் யாரும் கூண்டைப் பற்றிக் கேட்பதில்லை. ஜெர்பில் எலி வளர்க்கும் கூண்டை எத்தனை நாளுக்கு ஒரு தடவை கழுவ வேண்டும் என்றால் ஆளாளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விற்ற கடைக்காரர் வாரம் ஒரு தடவை என்றார். எலி டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை போதும் என்றார். நான் தினமும் கழுவினேன். சில நாள் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

"உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்க" என்று தாளையும் பேனாவையும் வைத்துவிட்டுப் போனீர்கள். பேனா கசிகிறது, துடைத்துத் துடைத்துத்தான் எழுதுகிறேன். ஸ்டேஷன் மேஜையையும் துடைத்துவிட்டேன், தப்பாக நினைக்க வேண்டாம். சுத்தம் சோறு போடும் என்பார்கள். எனக்கு இருபத்து மூன்று வருஷமாகப் போட்டிருக்கிறது.

நான் ஆஸ்பத்திரியில் துப்புரவு மேற்பார்வையாளர். ஒரு கட்டில் காலியானால் அடுத்த நோயாளி வர நாற்பது நிமிஷம் கிடைக்கும். அதற்குள், முன்பு படுத்திருந்தவர் அங்கே இருந்தார் என்பதற்கே தடம் இருக்கக் கூடாது. மெத்தை உறை, திரை, அழைப்பு மணியின் ஒயர், தலைமாட்டுக் கம்பியின் அடிப்பக்கம், எல்லாம். முடியும் கறையும் சீக்கிரம் போய்விடும். வாசனைதான் அடம் பிடிக்கும். புதிதாக வருகிறவர் இந்தக் கட்டில் தனக்கென்றே போட்டது என்று நம்பிப் படுக்க வேண்டும். எனக்குக் கீழே ஒன்பது பேர். முதுகுக்குப் பின்னால் என்னைப் 'பினாயில் அம்மா' என்பார்கள். கல்யாணமும் குழந்தையும் அமையாதவளுக்கு அம்மா என்று ஒரு பட்டம் சும்மா கிடைக்கிறதே என்று கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன்.

என் தங்கைக்கு வெளிநாட்டில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் வேலை கிடைத்தது. போகட்டுமா, வேண்டாமா என்று அவள் தவித்தபோது போ என்று சொன்னவளே நான்தான். அவளுடைய புருஷன் வீட்டை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஆளுக்காக நான் இந்தத் தாளில் இடத்தை வீணாக்கப் போவதில்லை. இருப்பது ஒரே மகள், மூன்றரை வயசு. பொடிசு என்றுதான் கூப்பிடுவோம். பொடிசைப் பார்த்துக்கொள்வதற்காக என் வாடகை அறையைக் காலி செய்துவிட்டுத் தங்கையின் மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்தேன்.

ஜெர்பில்கள் அங்கே ஏற்கெனவே இருந்தன. பாலைவனத்து எலி, வால் நுனியில் சின்னதாக ஒரு குஞ்சம். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு பெண் எலிகள். பொடிசு அவற்றுக்கு அக்கா, தங்கச்சி என்று பேர் வைத்திருந்தாள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று குவிந்துதான் தூங்கும். ஏதாவது பயம் வந்தால் பின்னங்காலால் தரையைத் தட்டும். டொக் டொக் என்று கேட்கும். பொடிசும் கோபம் வந்தால் காலைத் தட்டுவாள், அவற்றைப் பார்த்துப் பழகியது.

புறப்படும்போது தங்கை தன் பழைய சால்வை ஒன்றைத் துவைக்காமல் ஒரு ஜிப் பையில் போட்டுக் குழந்தையிடம் கொடுத்தாள். "அம்மா ஞாபகம் வந்தா தொறந்து மோந்து பாரு, கண்ணு. அம்மா உள்ளதான் இருப்பேன்" என்றாள். மறுநாளே பொடிசு அதன் ஒரு ஓரத்தைக் கத்தரித்துத் தரச் சொல்லிக் கூண்டுக்குள் போட்டாள். எலிகளுக்கும் அம்மா ஞாபகம் வருமாம். அவை அதை நார் நாராகக் கிழித்து மெத்தை பண்ணிக்கொண்டன. எனக்குச் சகிக்கவில்லை. அடுத்த நாள் காலை கூண்டை முழுசாகக் கவிழ்த்துக் கழுவிப் புது மரத்தூள் போட்டேன். பொடிசு மத்தியானம் வரைக்கும் அழுதாள்.

அன்றைக்கு அவளைத் தூங்க வைக்கப் பக்கத்தில் படுத்தேன். மூக்கைச் சுருக்கினாள். "பெரியம்மா, உன் மேல மருந்து நாத்தம். தள்ளிப் படு."

வலித்தது. எழுதும்போது இப்போதும் வலிக்கிறது. காலமெல்லாம் நாற்றத்தை விரட்டியவளைப் பார்த்து ஒரு குழந்தை சொன்ன வார்த்தை அது. குழந்தையும் தெய்வமும் கொண்டாடும் இடத்தில் என்பார்கள். நான் கொண்டாடாத கொண்டாட்டமா. ஊட்டினேன், தூக்கிச் சுமந்தேன், யானையாகக் குனிந்து முதுகில் ஏற்றினேன். அவளோ முதல் ஆறு வாரமும் அந்த ஜிப் பையைத்தான் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதிருக்கிறேன். உள்ளபடி எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

ஒரு குற்றத்தை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆஸ்பத்திரி சோப்புத் திரவம், பச்சைக் கேனில் வருவது, இரண்டு கேன் வீட்டுக்கு எடுத்து வந்தேன். கேட்காமல் எடுத்தது தப்பு. என் கீழே வேலை பார்க்கிறவர்கள் பஞ்சு எடுத்தாலே நான் விட்டதில்லை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

இரண்டாவது மாதம் எலிகள் கூண்டுக் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தன. அக்கா எலிக்கு மூக்கில் புண் வந்தது. டாக்டரிடம் கொண்டுபோனேன். சின்னப் பிராணிகளை மட்டும் பார்ப்பவர், சிரித்த முகம். தினமும் கழுவுகிறேன் என்றதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"ஏம்மா, அதுங்க என்ன பாவம் பண்ணிச்சு? அதுங்களுக்குக் கண்ணைவிட மூக்குதான் எல்லாம். வாசனையை வெச்சுத்தான் இது நம்ம வீடு, இது நம்ம ஆளுன்னு தெரிஞ்சுக்கும். ஈரமான மூலையை மட்டும் தினம் அள்ளிப் போடுங்க. முழுசா மாத்துறது மூணு வாரத்துக்கு ஒரு தடவை போதும். அப்பவும் ஒரு கைப்பிடி பழைய தூளைப் புதுசோட கலந்து விடணும். இல்லேன்னா பயந்துடும்."

தண்ணீரில் குளிப்பாட்டவே கூடாது, மணல் வைத்தால் அதிலேயே புரண்டுகொள்ளும் என்றார். இரண்டையும் பிரித்தும் வைக்கக் கூடாதாம். "நாலு நாள் பிரிச்சு வெச்சு, வேற வாசனையோட திரும்ப விட்டீங்கன்னா, கூடப் பொறந்ததுகூட வேத்தாள்தான். கழுத்தைக் கடிச்சிரும்" என்றார்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அவர் சொன்னதைப் பார்த்தால் சதை ஆடுவதற்கும் மூக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. வீடு திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். டாக்டர் கொடுத்த மருந்தை மூன்று நாள் தவறாமல் தடவினேன், புண் ஆறிவிட்டது.

யார் எது சொன்னாலும் கேட்டு நம்பிவிடுகிற ஆள் இல்லை நான். புதுக் கிருமிநாசினி வந்தால்கூட முதலில் ஒரு மூலையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் வார்டுக்கு அனுப்புவேன். அதே பழக்கம்தான். தங்கச்சி எலியைப் பிடித்துப் பச்சைச் சோப்பில் இரண்டு தடவை கழுவினேன். துண்டால் ஒற்றி, செருப்பு வாங்கின அட்டைப் பெட்டியில் போட்டுப் பாத்ரூம் பரணில் வைத்தேன். தீனி, தண்ணீர் எதற்கும் குறை வைக்கவில்லை. பொடிசிடம், தங்கச்சிக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் இருக்கிறது என்று சொல்லிவைத்தேன். ஐந்தாம் நாள் பொடிசை விளையாட்டுப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து, கூண்டையும் முழுக்கக் கழுவி, தங்கச்சியை அக்காவிடம் விட்டேன்.

தங்கச்சி ஆசையாகத்தான் ஓடியது. அக்கா மோந்து பார்த்தது. காலைத் தட்டியது. அப்புறம் நடந்தது டாக்டர் சொன்னபடியே நடந்தது. ஏழு நிமிஷம். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் தடிமனான கையுறை போட்டிருந்தேன், பிரித்து விட்டிருக்கலாம். பாதியில் நிறுத்தினால் டாக்டர் சொன்னது நிஜமா, இல்லையா என்று உறுதியாகத் தெரியாமல் போய்விடுமே.

சாயங்காலம் பொடிசு திரும்பவும் தேடினாள். "தங்கச்சி எங்க பெரியம்மா?"

"வெளிநாட்டுக்கு வேலைக்குப் போயிருக்கு."

"அம்மா மாதிரியா?"

"ஆமா, அம்மா மாதிரிதான்."

"எப்ப வரும்?"

"வரும். ஆனா வர்றது நம்ம தங்கச்சிதானான்னு யாருக்குத் தெரியும்? அதே மாதிரி மூஞ்சியோட வேற யாராவதும் வரலாம். நல்லா மோந்து பாத்துட்டுத்தான் சேத்துக்கணும். வாசனை சரியா இல்லேன்னா நம்ம ஆள் இல்ல."

புத்திசாலிக் குழந்தை. ஒரு தடவை சொன்னால் போதும். நான் தினமும் சொன்னேன்.

சால்வையை ஒரேயடியாக எடுத்துவிட்டால் கூண்டு கழுவின கதைதான், அழுவாள். எறும்பு ஊரக் கல்லும் தேயும். வாரத்துக்கு ஒரு மூலையாக நனைத்துப் பச்சைச் சோப்பு போட்டேன். காய்ந்ததும் அவள் பள்ளியில் இருக்கிற நேரத்தில் நானே போர்த்திக்கொண்டு வேலை செய்வேன், பிறகு பழையபடி பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுவேன். தலையணை, திரை, அவளுடைய உடுப்பு, பொம்மை நாய், அலமாரியில் தொங்கின தங்கையின் துணிகள், எதையும் விட்டுவைக்கவில்லை. ஐந்தாம் மாதம் பையைத் திறந்து மோந்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எழுந்து வந்து என் கழுத்தை மோந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு என் மடியிலேயே தூங்கிப்போனாள். கால் மரத்துப் போச்சு, நான் அசையவே இல்லை. என் ஆயுசில் அதைப் போல ஒரு மத்தியானம் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை கூப்பிடுவாள். முகம் பார்த்துப் பேசுகிற வசதி கெட்டுப்போய்விட்டது, குரல் மட்டும்தான் வருகிறது என்று சொல்லிவைத்தேன். பாவம், நம்பினாள். சொந்த அக்காவை நம்பாமல் வேறு யாரை நம்புவாள். பொடிசுக்கு அந்தக் குரல் 'போன் அம்மா' ஆகிவிட்டது. "போன் அம்மா கூப்பிடுறாங்க" என்று என்னிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். அவளாக வைத்த பேர், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

பதினோரு மாதம் முடிந்து, ஒரு சாயங்காலம் தங்கை பெட்டியோடு வாசலில் வந்து நின்றாள். இளைத்திருந்தாள். கதவைத் திறந்ததும் பெட்டியைப் போட்டுவிட்டு மண்டியிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். பொடிசு ஓடவில்லை. மெதுவாகக் கிட்டப் போய்த் தங்கையின் கழுத்தில் மூக்கை வைத்தாள். விமானம், வேறு ஊர் சோப்பு, வேர்வை, என்னவெல்லாம் இருந்ததோ. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். திரும்ப மோந்தாள்.

பிறகு காலைத் தட்டினாள். டொக் டொக்.

"பொடிசு, அம்மாடி. அம்மா வந்துட்டேன்" என்று தங்கை கையைப் பிடித்தாள். அந்தக் கையைத்தான் கடித்தாள். பெருவிரலுக்குக் கீழே, ரத்தம் வரும்வரைக்கும். நீங்களே தையலைப் பார்த்தீர்கள். தங்கை கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை, அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பொடிசு கடித்த வாயோடு ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள். "அம்மா, இவங்க யாரோ" என்றாள்.

அந்த நேரத்தில் எனக்குத் தங்கையைப் பார்க்கப் பாவமாக இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. மூன்று நாள் அவள் அந்த வீட்டில் விருந்தாளி போலச் சோபாவில் படுத்துக்கொண்டு, குழந்தை தூங்கின பிறகு தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் சால்வையை எடுத்து மோந்தாள். என்னை மோந்தாள். அப்புறம்தான் உங்களைக் கூப்பிட்டாள்.

தெரிந்து செய்தீர்களா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தெரிந்துதான் செய்தேன். தங்கச்சி எலியின் சாவு அக்கா எலியின் கணக்கில் சேராது, என் கணக்கு. பொடிசின் மூக்கிலிருந்து பெற்றவளைத் துளித்துளியாகத் துடைத்து எடுத்ததும் என் கைதான். எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்தேன், மேடம். ஒரு கட்டிலை அடுத்த ஆளுக்குத் தயார் பண்ணினேன். அந்த அடுத்த ஆள் நான்தான். இதற்கு மேல் ஒளிக்க ஒன்றுமில்லை. கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஒரே ஒரு விஷயம். எனக்காகக் கேட்கவில்லை, குழந்தையின் நன்மைக்காகச் சொல்கிறேன். தங்கை புதுச் சோப்பு வாங்கி, தினம் இரண்டு வேளை பொடிசைக் குளிப்பாட்டுகிறாள் என்று கேள்விப்பட்டேன். திரை, தலையணை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் துவைத்துவிட்டாளாம். நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இப்படி ஒரேயடியாகக் கழுவுவது கொடுமை, மேடம். என்னுடையதாக ஏதாவது ஒன்றை, ஒரு தலையணை உறையையாவது, துவைக்காமல் குழந்தையின் பக்கத்தில் விட்டுவைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பயந்துவிடுவாள். நம்பிக்கை இல்லையென்றால் எலி டாக்டரைக் கேட்டுப் பாருங்கள்.