உருவம் சேரும் இடம்

கண்ணாடி துடைக்கப் பழைய செய்தித்தாளை மிஞ்ச எதுவும் இல்லை, ஐயா. துணி என்றால் நூல் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். எங்கள் பட்டறையில் அந்த வேலை என் மனைவியுடையது.

அண்ணன் சிற்பி. நான் அவருக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவன். தகரத் துண்டுகளைத் தாறுமாறாகத் தொங்கவிட்டு, எதிரே கண்ணாடிகளைச் சாய்த்து வைப்போம். ஒரே ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மட்டும் துண்டுகள் கூடி முழு முகமாகும். அந்த இடம் கிடைக்கும்வரை அண்ணன் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடப்பார். பட்டறை இருப்பது மூன்றாம் மாடியில். சாமான் ஏற்றி இறக்க ஒரு பக்கம் சுவரே கிடையாது, குறுக்கே ஒரு கம்பி மட்டும். அங்கே வந்ததும் அவர் முதுகில் கை வைத்து நிறுத்துவது என் வேலை. அந்தக் கையை நம்பி அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

போன வருடம், பெரிய கண்ணாடியைப் பிடித்திருந்த கொக்கி பிம்பத்தில் தெரிந்தது. "அசிங்கமா இருக்கு, கழட்டிடும்மா" என்று அவர் என் மனைவியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். கழற்றினாள். கண்ணாடி அவள் மேலேயே சரிந்தது. விசாரிக்க வந்தவர்களிடம், "யாரைக் கேட்டுக் கழட்டினாளோ, அவளுக்கு எப்பவுமே அவசரம்" என்றார் அண்ணன். செத்தவள் தலையில் பழியைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். அன்று பற்றிக்கொண்ட வயிற்றெரிச்சல் எனக்கு அடங்கவே இல்லை.

அவள் நினைவாக ஒரு சிற்பம் செய்யலாம் என்று நான்தான் சொன்னேன். மனுஷன் உருகிப்போனார். துண்டுகளை அவர் வளைத்தார், கண்ணாடிகளை நான் பொருத்தினேன். உருவம் சேரும் இடத்தை மட்டும் அந்தக் கம்பிக்கு அப்பால் தள்ளி வைத்தேன். கண்ணாடிகளைக் கொஞ்சம் திருப்பினால் போதும், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

நேற்றுக் காலை, சாமான் இறக்க வேண்டும் என்று கம்பியைக் கழற்றி வைத்தேன். அண்ணன் பின்பக்கமாக நடந்தார். நெற்றி சேர்ந்தது, கண்கள் சேர்ந்தன. "வந்துட்டாடா, வாய் மட்டும் இன்னும் சேரல" என்றார். அழுதுகொண்டிருந்தார்.

தள்ளினாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சத்தியமாக இல்லை. அவர் மேல் என் சுண்டுவிரல்கூடப் படவில்லை. ஓரத்தில் நின்று, "இன்னும் போகணுமாடா?" என்று கேட்டார். அவளை முழுசாகப் பார்க்க அவருக்கு அவ்வளவு ஆசை. கூடப் பிறந்தவன், நான் அதைக் கெடுப்பேனா? "இன்னும் ஒரே ஒரு அடிண்ணே" என்றேன்.